ஒரு மரம், ஒரு கோணல் வீடு: பிரிட்டனின் பழைய இடங்கள் மீதான பாசம் எங்கே விளைகிறது?

2023 செப்டம்பர் 28 காலை, வடக்கு இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் ஹேட்ரியன் சுவரை ஒட்டிய பள்ளமொன்றில் தனியாக நின்ற சிகமோர் மரம் வெட்டிச் சாய்க்கப்பட்டிருப்பது தெரியவந்தது. இரவோடு இரவாக யாரோ ரம்பத்தை வைத்திருந்தார்கள். அதற்கு முந்தைய இரு மாதங்களுக்குள்தான் இன்னொரு சம்பவம் நடந்திருந்தது. ஸ்டாஃபர்ட்ஷையரில் ஹிம்லி என்ற ஊருக்கு அருகே, ‘கோணல் வீடு’ என்று எல்லோரும் அழைத்த பழைய பப் ஒன்று ஆகஸ்ட் 5 இரவு தீப்பற்றி எரிந்தது. இரண்டே நாளில் இயந்திரத்தை வைத்து எஞ்சிய சுவர்களையும் இடித்துத் தள்ளிவிட்டார்கள். இரண்டு செய்திகளுக்கும் நாடே கொந்தளித்தது. பெரியவர்கள் தொலைக்காட்சிக் கேமரா முன்னால் அழுதார்கள். மரத்தை வெட்டிய இருவருக்கு 2025 ஜூலையில் தலா நான்கு ஆண்டு மூன்று மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பப்பை மீண்டும் கட்டித் தர வேண்டும் என்று உரிமையாளர்களுக்கு உள்ளூராட்சி மன்றம் 2024 பிப்ரவரியில் உத்தரவிட்டது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது விளங்குவதில்லை. அந்த மரத்துக்கு வயது ஏறக்குறைய 150 ஆண்டுதான். சிகமோர் பிரிட்டனின் மண்ணுக்குரிய மரமும் அல்ல. பக்கத்தில் கி.பி. 122இல் தொடங்கிய ரோமானியச் சுவர் இருக்க, கண்ணீர் மரத்துக்குப் போனது. கோணல் வீடோ தேசியப் பட்டியலில் இடம்பெறாத கட்டடம்.

‘பிரிட்டிஷ்காரர்களுக்குப் பழமை மோகம், அது ரத்தத்திலேயே ஊறியது’ என்ற விளக்கம் கைவசம் தயாராக இருக்கிறது. அது தவறு. ரத்தத்தில் ஊறியிருந்தால் 20ஆம் நூற்றாண்டில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாட்டுப்புற மாளிகைகளை அவர்களே இடித்திருக்க மாட்டார்கள். லண்டன் யூஸ்டன் ரயில் நிலையத்தின் கம்பீரமான தோரண வாயிலை 1961-62இல் உடைத்து, அதன் கற்களைக் கால்வாய்ப் பள்ளத்தை நிரப்பக் கொட்டியிருக்க மாட்டார்கள். இந்தப் பாசம் ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாக உண்டாக வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அது உண்டாவது பத்துப் பன்னிரண்டு வயதுக்குள், பிள்ளை நடமாடும் சுற்றுப்புறத்தில்.

சட்டத்தின் கண்ணில் ‘பழமை’

முதலில் சட்டம் எவற்றைக் காக்கிறது என்று பார்த்துவிடலாம். இங்கிலாந்தில் மூன்று வகைப் பாதுகாப்பு முக்கியம்.

1. பட்டியலிடப்பட்ட கட்டடம். இடிக்கவோ, தன்மை மாறும்படி திருத்தவோ தனி அனுமதி வேண்டும். முதல் தரம், இரண்டாம் தர உடுக்குறி, இரண்டாம் தரம் என மூன்று படிகள். பத்தில் ஒன்பதுக்கு மேல் கடைசிப் படியில்தான் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு உள்ளான நகரங்களில் எதை இடிக்கலாம், எதை விட்டுவைக்கலாம் என்று தீர்மானிக்கப் போட்ட கணக்கிலிருந்து வளர்ந்தது இந்த முறை. 1947ஆம் ஆண்டின் நகர, ஊரமைப்புச் சட்டம் அதை உறுதிப்படுத்தியது.

2. காக்கப்படும் தொல்சின்னம். கல்வட்டங்கள், கோட்டை இடிபாடுகள், புதைமேடுகள் போன்றவை. தொடக்கம் 1882ஆம் ஆண்டுச் சட்டம்.

3. பாதுகாப்புப் பகுதி. தனிக் கட்டடத்தை விட்டு, ஒரு தெருவையோ ஊரின் நடுப்பகுதியையோ மொத்தமாகக் காப்பது. 1967 முதல் நடைமுறையில் இருக்கிறது.

தேசியப் பாரம்பரியப் பட்டியலில் இன்று ஏறக்குறைய 4 லட்சம் பதிவுகள் உள்ளன. கோணல் வீடு அவற்றில் ஒன்று அல்ல. 1765இல் பண்ணை வீடாகக் கட்டப்பட்டது. அடியில் நிலக்கரி வெட்டியதால் ஒரு பக்கம் நான்கு அடி வரை இறங்கிப்போனது. கட்டடக் கலையில் அதற்குப் பெரிய மதிப்பு இல்லை. ஆனால் உள்ளே போன ஒவ்வொரு பிள்ளையும் ஒன்றைச் செய்து பார்த்திருக்கும்: ஜன்னல் விளிம்பில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் அது மேல்நோக்கி உருளுவதுபோலத் தெரியும். சுவரும் தரையும் சாய்ந்திருப்பதால் கண் ஏமாறுகிறது, அவ்வளவுதான். அதைப் பார்த்து வாய் பிளந்த பிள்ளைகள் வளர்ந்து, தம் பிள்ளைகளை அழைத்துவந்து அதே ஜன்னலில் அதே குண்டை உருட்டினார்கள். சட்டம் பதிவு செய்யாததை அந்த ஊர் இப்படிப் பதிவு செய்துகொண்டது. 2023இல் எரிந்தது அந்தப் பதிவு.

பள்ளிக்குப் போகும் வழியில் என்ன இருக்கிறது?

இங்கிலாந்தில் வளரும் பிள்ளைக்குப் பழமை தனியாகப் போய்ப் பார்க்க வேண்டிய பொருளாக இருப்பதில்லை. ஐந்து வீடுகளில் ஒன்று 1919க்கு முன் கட்டப்பட்டது. இங்கிலாந்துத் திருச்சபையிடம் மட்டும் சுமார் 16,000 தேவாலயங்கள் இருக்கின்றன. அவற்றில் பல ஆயிரம் இடைக்காலத்தைச் சேர்ந்தவை. முதல் தரப் பட்டியலில் உள்ள கட்டடங்களில் கிட்டத்தட்டப் பாதி இந்தத் தேவாலயங்களே. அதாவது ஒரு சிற்றூர்ப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை சலிப்போடு உட்கார்ந்திருக்கும் மர இருக்கை, நாட்டின் மிக உயர்ந்த பாதுகாப்புப் பெற்ற கட்டடத்துக்குள் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

இதைவிட முக்கியமானது, நான் பார்த்தவரை அதிகம் பேசப்படாதது, நிலம். மத்திய இங்கிலாந்தின் மேய்ச்சல் வயல்களில் தகரக் கூரை போல் மேடும் பள்ளமுமாக நீண்ட வரிகள் ஓடும். இடைக்காலத்தில் எருது பூட்டி, ஒரே பட்டையை ஆண்டுக்கணக்கில் ஒரே திசையில் மண் புரட்டி உழுததால் உண்டானவை அவை. பிறகு ஆட்டு மேய்ச்சலுக்கு விட்டதால் அப்படியே உறைந்து நின்றுவிட்டன. நண்பகலில் கண்ணுக்கே தெரியாது. மாலை வெயில் சாய்ந்தால் ஒவ்வொரு வரியும் நிழலோடு எழுந்து நிற்கும். அதன் பெயரோ வரலாறோ தெரியாமலே பிள்ளைகள் அதில் ஓடிப் பிடித்து விளையாடுகிறார்கள். பனி பெய்தால் சறுக்குகிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து ஏறக்குறைய 2,25,000 கிலோமீட்டர் நீளத்துக்குப் பொதுவழி உரிமை இருப்பதால், தனியார் வயலுக்குள்ளும் நடந்து போக முடிகிறது. நிலம் ஒரு பிரபுவுக்குச் சொந்தமாக இருந்தாலும் பாதை ஊருக்குச் சொந்தம். இந்த ஒரு சட்ட ஏற்பாடு இல்லாவிட்டால் மீதிக் கதையே வேறாக இருந்திருக்கும்.

அது மனதில் எப்படித் தங்குகிறது?

உளவியலும் நரம்பியலும் இதைப்பற்றிச் சொல்வதை நான்கு படிகளில் அடுக்கலாம்.

1. இடமும் நினைவும் மூளையில் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. 1971இல் லண்டனில் ஜான் ஓகீஃப், எலியின் ஹிப்போகேம்பஸ் என்னும் மூளைப் பகுதியில், குறிப்பிட்ட இடத்தில் எலி நிற்கும்போது மட்டும் துடிக்கும் உயிரணுக்களைக் கண்டறிந்தார். 2014இல் இதற்காக நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நடந்த நிகழ்ச்சிகளை நினைவில் சேர்ப்பதும் இதே பகுதிதான். ஓர் இடத்தை நினைத்தால் அங்கே நடந்தது உடன் வருவதில் வியப்பில்லை.

2. அடிக்கடி கண்ணில் படுவது பிடித்துப்போகிறது. உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் 1968இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. பொருள் புரிய வேண்டும் என்பதில்லை, திரும்பத் திரும்பப் பட்டால் போதும். வெல்ஸ் பேராலயத்தின் பழைய கடிகாரத்தை எடுத்துக்கொள்ளலாம். அதன் முகப்பு சுமார் 1390ஐச் சேர்ந்தது. கால் மணிக்கு ஒருமுறை அதன் மேலே குதிரை வீரர்கள் சுற்றி வந்து மோதுவார்கள்; ஒவ்வொரு சுற்றிலும் அதே வீரன்தான் அடிபட்டு மல்லாந்து விழுவான். அந்த ஊர்ப் பிள்ளை இதைப் பள்ளிப் பருவத்துக்குள் எத்தனை முறை பார்த்திருக்கும்!

3. யாராவது ஒருவர் கதை சொல்ல வேண்டும். வெறும் கல் தானாகப் பேசாது. தாத்தா, ஆசிரியை, தேவாலயத்தைப் பெருக்குபவர், யாராக இருந்தாலும் சரி, ‘இது ஏன் இப்படி இருக்கிறது தெரியுமா?’ என்று ஒரு முறை கேட்டிருக்க வேண்டும். சிறுவயதில் கலை நிகழ்ச்சிகளுக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்கள் பெரியவர்களான பிறகும் அதிகம் போகிறார்கள் என்று, 2005இல் தொடங்கிய அரசுக் கணக்கெடுப்பை வைத்து இங்கிலாந்துக் கலை மன்றம் நடத்திய ஆய்வு சொன்னது. அது கலை பற்றியது. ஆனாலும் பழைய இடங்களுக்கு விதி வேறாக இருக்கக் காரணம் தெரியவில்லை.

4. கை வைக்க அனுமதி வேண்டும். தேவாலயத் தரையில் பதித்த பித்தளை உருவங்கள் மேல் காகிதத்தை விரித்து, கறுப்பு மெழுகைத் தேய்த்து உருவத்தைப் பெயர்த்தெடுப்பது 1960, 70களில் பிள்ளைகளிடையே பரவலான பொழுதுபோக்கு. முழங்காலிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெழுகு வழுக்காமல் தேய்த்தால் கவசம் அணிந்த ஒரு வீரர் கால் நகத்திலிருந்து மெல்ல மேலேறி வருவார். பின்னாளில் அரேபியாவில் பெயர் பெற்ற டி. இ. லாரன்ஸ், ஆக்ஸ்ஃபோர்டில் பள்ளி மாணவனாக இருந்தபோது இதில் பைத்தியமாக இருந்தவர். அங்கிருந்து சைக்கிளில் கோட்டைகளைத் தேடிப் போனார். அதிலிருந்து சிலுவைப் போர்க் கோட்டைகள் பற்றிய பட்டப்படிப்பு ஆய்வு பிறந்தது.

பத்து வயதிலிருந்து முப்பது வரையிலான நினைவுகளே முதுமையில் அதிகம் மேலெழுகின்றன என்பதையும் சேர்த்துக்கொண்டால், போராட்டக் கூட்டங்களில் நரைத்த தலைகள் ஏன் நிறைந்திருக்கின்றன என்பது புரியும்.

புல்வெளிக்கு அடியில் ஒரு கோட்டை

இப்படி மனதில் தங்கிய ஓர் இடம் ஒரு மனிதரை இயக்கிய உதாரணம், வெட்டப்பட்ட அந்த மரத்தின் கதைக்குள்ளேயே இருக்கிறது. மரத்தை நட்டவர் என்று கருதப்படுபவர் ஜான் கிளேட்டன்.

அவர் 1792இல் பிறந்தார். அவருக்கு நான்கு வயதிருக்கும்போது தந்தை செஸ்டர்ஸ் என்ற பண்ணையை வாங்கினார். வீட்டுக்கும் வடக்கு டைன் ஆற்றுக்கும் நடுவே ரோமானியர் காலக் குதிரைப் படைக் கோட்டை ஒன்றின் இடிபாடு கிடந்தது. தந்தைக்கு அது இடைஞ்சல். மேடு பள்ளங்களை மண் போட்டு மூடி, ஆறு வரை வழவழப்பான புல்வெளியாக்கிவிட்டார். அந்தக் காலத்துப் பணக்காரர்களின் ரசனை அப்படி.

மகன் அந்தப் புல்வெளி மேல் வளர்ந்தவர். நியூகாசில் நகராட்சியின் செயலாளரானார். நகரத்தின் நடுப்பகுதி புதிதாக எழுந்ததில் பெரும் பங்கு அவருடையது. 1832இல் தந்தை இறந்தார். 1843இலிருந்து மகன் அதே புல்வெளியைத் தோண்டத் தொடங்கினார். வாரம் முழுதும் அலுவலகம், திங்கட்கிழமை மட்டும் தொல்பொருள். கோட்டை வெளியே வந்தது. ஆற்றங்கரையில் குளியலகம் வெளியே வந்தது: வீரர்கள் உடை மாற்றிய அறையில் ஏழு வளைமாடங்கள் வரிசையாக இன்றும் நிற்கின்றன.

அவர் அத்தோடு நிற்கவில்லை. அப்போது ஹேட்ரியன் சுவர் ஊருக்கெல்லாம் இலவசக் கல் குவாரி. மாட்டுக் கொட்டகைக்கும் வயல் மதிலுக்கும் அதன் கற்களைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். கிளேட்டன் சுவர் ஓடிய பண்ணைகளை ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கினார். 1890இல் இறந்தபோது சுமார் 20 மைல் சுவரும் ஐந்து கோட்டைகளும் அவர் கையில் இருந்தன. விழுந்த கற்களைச் சாந்து இல்லாமல் அடுக்கி, மேலே புல்கட்டி போட்டு மூடச் செய்தார். இன்று சுவரின் நடுப்பகுதியில் சுற்றுலாப் பயணிகள் படம் பிடிப்பது பெரும்பாலும் அவருடைய ஆட்கள் அடுக்கிய கல்வரிசையைத்தான். தந்தை மூடினார், மகன் திறந்தார் என்று இதைச் சுருக்கலாம். இடையே இருந்தது, காலடியில் என்ன புதைந்திருக்கிறது என்று தெரிந்தும் தொட முடியாமல் கழிந்த ஒரு பிள்ளைப் பருவம்.

சட்டம் எழுதிய பிள்ளைகள்

கிளேட்டனிடம் பணம் இருந்தது, வாங்கினார். வேறு சிலர் அதே உந்துதலைச் சட்டமாகவும் அமைப்பாகவும் மாற்றினார்கள்.

ஜான் லபக், 1834இல் பிறந்தவர். கென்ட் பகுதியில் வளர்ந்த அவருக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது, தந்தை ஒரு பெரிய செய்தி இருக்கிறது என்றார். குட்டிக் குதிரை வாங்கப்போகிறார்கள் என்று பையன் நினைத்தான். செய்தி என்னவென்றால், டார்வின் என்றொருவர் பக்கத்து ஊருக்குக் குடிவருகிறார். பையனுக்கு ஏமாற்றம். ஆனால் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்தான் அவருக்கு ஆசிரியரானார், மண்ணையும் எலும்பையும் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். பழைய கற்காலம், புதிய கற்காலம் என்ற பிரிவினையைப் பின்னாளில் வகுத்தவர் லபக். ஏவ்பரி கல்வட்டத்தின் நிலத்தை மனை போட்டு விற்கவிருந்தபோது அதை வாங்கிக் காத்தவரும் அவரே. 1873இல் முதன்முதலாக மசோதா கொண்டுவந்து, தனியார் சொத்துரிமை என்ற கூச்சலில் தோற்றுத் தோற்று, 1882இல் முதல் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றினார்.

அதே 1834இல் பிறந்தவர் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ். எப்பிங் காட்டை ஒட்டிய வுட்ஃபோர்ட் ஹாலில் வளர்ந்தார். அவருக்குக் குட்டிக் குதிரை கிடைத்தது, விளையாட்டுக் கவசமும் கிடைத்தது. கவசத்தை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் குதிரை விட்ட பையன், எட்டு வயதில் கேன்டர்பரி பேராலயத்தைக் கண்டு மலைத்துப்போனான். காட்டோரத்தில் எட்டாம் ஹென்றிக்காக 1543இல் கட்டிய மரச்சட்ட வேட்டை மாளிகையில், மங்கிய பச்சைத் திரைச்சீலைகள் தொங்கிய அறை தன்னை எப்படி ஆட்கொண்டது என்று முதிர்ந்த வயதிலும் பேசினார். 1877இல் டியூக்ஸ்பரி தேவாலயத்தைப் ‘புதுப்பிக்க’ ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் என்ற கட்டடக் கலைஞர் இறங்கியபோது, மாரிஸ் கொதித்தெழுந்து பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். பழுது பாருங்கள், புதிதாக்காதீர்கள் என்பது அதன் கொள்கை.

நமக்கு நேரடித் தொடர்புள்ளவர் கர்சன் பிரபு. அவர் பிறந்தது டெர்பிஷையரில் உள்ள கெடில்ஸ்டன் மாளிகையில். கல்கத்தாவின் ஆளுநர் மாளிகை, 1803இல் முடிந்தது, அந்த வீட்டின் வரைபடத்தைத் தழுவிக் கட்டப்பட்டது. தன் வீட்டின் நகல் ஒன்று இந்தியாவில் இருக்கிறது என்ற செய்திதான் சிறுவயதில் இந்தியா பக்கம் தன் கவனத்தைத் திருப்பியது என்று அவரே சொல்லியிருக்கிறார். 1899இல் வைஸ்ராயாக அந்த நகலுக்குள் குடிபுகுந்தார். 1904இல் இந்தியாவுக்கான பண்டைய நினைவுச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் அவர் காலத்தில் வந்தது. தொல்லியல் துறையின் கீழுள்ள நம் ஊர்ச் சின்னங்களைச் சுற்றி நிற்கும் நீலப் பலகையின் சட்ட வம்சாவளியைத் தேடினால் வழியில் கெடில்ஸ்டன் வரும். வங்கத்தைத் துண்டாடியவரும் அவரே என்பதை இங்கே மறக்க வேண்டியதில்லை.

ஊர் திரும்பிய கர்சன் 1911இல் லிங்கன்ஷையரின் டாட்டர்ஷால் கோட்டையை வாங்கினார். 15ஆம் நூற்றாண்டின் அந்தச் செங்கல் கோபுரத்தின் கல் கணப்படுப்புகளைப் பெயர்த்து அமெரிக்காவுக்குக் கப்பலேற்ற ஏற்பாடாகியிருந்தது. அவற்றைத் தேடிப் பிடித்து மீண்டும் பொருத்தினார். அந்தப் பரபரப்பின் விளைவாக வந்த 1913ஆம் ஆண்டுச் சட்டம்தான், உரிமையாளர் விரும்பாவிட்டாலும் அரசு குறுக்கிடலாம் என்ற அதிகாரத்துக்கு அடித்தளம். லபக்கின் சட்டத்தில் அந்தப் பல் இல்லை.

எல்லோரும் மாளிகைக்குள் பிறந்தவர்கள் அல்லர். லண்டன் ஓரத்தில் ஃபின்ச்லியின் வயல்வெளிகளில் ஓடியாடிய ஆக்டேவியா ஹில், நகரம் அவற்றை விழுங்குவதைக் கண்டவர். 1875இல் ஸ்விஸ் காட்டேஜ் வயல்களைக் காக்கப் போராடித் தோற்றார். 1895இல் மேலும் இருவரோடு சேர்ந்து, பழைய இடங்களையும் நிலங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார். மறு ஆண்டு அது தன் முதல் கட்டடத்தை, சசெக்ஸில் ஓலை வேய்ந்த பழைய பாதிரியார் இல்லத்தை, 10 பவுனுக்கு வாங்கியது. இன்று அதன் உறுப்பினர்கள் 50 லட்சத்துக்கும் மேல். குழந்தைக் கதைகள் எழுதிப் புகழ்பெற்ற பியாட்ரிக்ஸ் பாட்டர் லண்டன் வீட்டின் மேல்மாடிக்குள் அடைபட்டு வளர்ந்தவர். வடமேற்கு இங்கிலாந்தின் ஏரி மாவட்டம் 1882 விடுமுறையில் பதினாறு வயதில் அவருக்குக் கிடைத்தது. 1943இல் இறந்தபோது அங்கே 4,000 ஏக்கருக்கும் மேல் டிரஸ்டுக்கு எழுதிவைத்தார். அந்த விடுமுறையில் அவர் தங்கிய ரே கோட்டை, இடைக்காலத்தைப் போல 1840களில் கட்டிய போலிக் கோட்டை என்பது வேடிக்கை. பாசத்துக்கு அசல் போலி தெரிவதில்லை.

யாருடைய பிள்ளைப் பருவம்?

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கெடில்ஸ்டன் மாளிகையின் முன் விரியும் புல்வெளிக்காக 18ஆம் நூற்றாண்டில் ஒரு கிராமத்தையே அப்புறப்படுத்தினார்கள். பழைய தேவாலயம் மட்டும் மிஞ்சியது. இடம் பெயர்ந்த வீட்டுப் பிள்ளைகளின் நினைவைக் காக்க யாரும் சட்டம் எழுதவில்லை.

2020 செப்டம்பரில் நேஷனல் டிரஸ்ட் ஓர் அறிக்கை வெளியிட்டது. தன் பராமரிப்பில் உள்ள இடங்களில் 93க்கு அடிமை வணிகத்தோடும் காலனி ஆதிக்கத்தோடும் தொடர்பு உண்டு என்றது. அவற்றில் ஒன்று வேல்ஸில் உள்ள போவிஸ் கோட்டை. ராபர்ட் கிளைவும், 1798 முதல் 1803 வரை சென்னை ஆளுநராக இருந்த அவருடைய மகன் எட்வர்டும் கொண்டுபோன பொருள்கள் அங்கே குவிந்திருக்கின்றன. திப்பு சுல்தானின் அச்சுத்துணிக் கூடாரம் அவற்றில் புகழ்பெற்றது. குடும்பத்தார் அதைத் தோட்ட விருந்துகளுக்குப் பந்தலாகப் பயன்படுத்தியதும் உண்டு. அறிக்கையில் இருந்தவை பெரும்பாலும் வரலாற்றாளர்களுக்குத் தெரிந்த செய்திகளே. ஆனாலும் எதிர்ப்பு வெடித்தது, அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் அறநிலைய ஆணையம் விசாரிக்க வேண்டிவந்தது. டிரஸ்ட் சட்டக் கடமையை மீறவில்லை என்று 2021 மார்ச்சில் முடிவு சொன்னார்கள்.

அந்தக் கோபத்தில் அரசியல் இருந்தது, சந்தேகமில்லை. அரசியல் மட்டும் இருந்திருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்காது. அப்பா தோளில் ஏறிப் பார்த்த தோட்டம், அத்தை வாங்கித் தந்த கேக், ஓடி விழுந்து முழங்கால் சிராய்த்த படி. இவற்றோடு ஒட்டிக்கொண்ட ஒரு வீட்டைப் பற்றி, ‘இது எந்தப் பணத்தில் எழுந்தது?’ என்று கேட்டால், கேள்வி வீட்டைப் பற்றியதாகக் காதில் விழுவதில்லை. சிறுவயதில் விளைந்த பாசத்தின் பலம் எதுவோ அதுவே அதன் கண்மறைப்பு. அறிக்கை எழுதியவர்கள் இதைக் கணக்கில் எடுத்திருந்தாலும் எழுதியதை மாற்றியிருக்க வேண்டியதில்லை. சொல்லிய விதம் மாறியிருக்கலாம்.

குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு இந்தப் பாசம் வேறு வாசல் வழியாக வருகிறது. மேற்கு லண்டன் ஈலிங்கில் ஈழத்தமிழர்கள் நடத்தும் கனகதுர்க்கை அம்மன் கோயில், முன்பு கிறிஸ்தவ வழிபாட்டுக் கூடமாக இருந்த கட்டடத்தில் அமைந்தது. கோயில் இருக்கும் தெருவின் பெயரே சேப்பல் ரோடு, அதாவது ஆலயத் தெருதான். அங்கே விபூதி பூசிக்கொண்டு வளரும் பிள்ளைக்கு அந்தப் பழைய சுவர் அம்மனின் சுவர். நாளைக்கு யாராவது அதை இடிக்க வந்தால் முதலில் மறிக்கப்போவது அந்தப் பிள்ளைதான். பட்டியலிடும் அதிகாரிகளின் படிவத்தில் இதற்கு இன்னும் சரியான கட்டம் இல்லை.

ஒரு தலைமுறை பின்தங்கும் ரசனை

பிள்ளைப் பருவம்தான் விதைக்கிறது என்றால் ஒரு விளைவு தவிர்க்க முடியாதது: எந்தக் காலக் கட்டடம் காக்கப்படும் என்பது, அதைச் சிறுவயதில் கண்டவர்கள் அதிகாரத்துக்கும் எழுத்துக்கும் வரும் வரை காத்திருக்க வேண்டும். ஒரே குடும்பத்தை வைத்து இதைக் காட்டலாம்.

1877இல் மாரிஸுக்கு எதிரியாக இருந்த ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட், லண்டன் செயின்ட் பான்கிராஸ் ரயில் நிலையத்தின் செந்நிற ஹோட்டலைக் கட்டியவரும்கூட. விக்டோரியா காலத்துக் கட்டடங்களை 1930களிலும் 50களிலும் படித்தவர்கள் அருவருப்பாகப் பார்த்தார்கள். பெற்றோர் வீட்டுத் தடித்த மேசை நாற்காலிகளை வெறுப்பதைப் போன்ற வெறுப்பு அது. 1906இல் பிறந்த கவிஞர் ஜான் பெட்ஜமன், லண்டன் ஹைகேட்டில் அத்தகைய தெருக்களிலும் கார்ன்வால் கடற்கரை விடுமுறைகளிலும் வளர்ந்தவர். 1958இல் விக்டோரியன் சங்கம் தொடங்கியபோது முன்னணியில் நின்றவர்களில் ஒருவர். யூஸ்டன் வாயிலைக் காக்க முடியவில்லை. அந்தத் தோல்வியின் சூட்டில் செயின்ட் பான்கிராஸ் தப்பியது; 1967இல் முதல் தரப் பட்டியலில் சேர்ந்தது. மாரிஸின் காலத்தில் குற்றவாளியாக நின்றவரின் கட்டடம் தொண்ணூறு ஆண்டில் பொக்கிஷமாகிவிட்டது.

ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட்டின் பேரன் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் 1935இல் வடிவமைத்ததுதான் எல்லோருக்கும் தெரிந்த சிவப்புத் தொலைபேசிக் கூண்டு. கைப்பேசி வந்ததும் கூண்டுகள் அநாதையாயின. 2008இலிருந்து ஊர் மன்றங்கள் ஒரு பவுன் கொடுத்து அவற்றைத் தத்தெடுத்து, உள்ளே நூல் அலமாரியோ மாரடைப்புக்கான முதலுதவிக் கருவியோ வைக்கின்றன. அதிலிருந்து பேசியவர்களுக்கு அது தேவை. அதில் ஒருமுறைகூடப் பேசாதவர்களுக்கு அது தேவைப்படுமா என்பது அடுத்த முப்பது ஆண்டில் தெரிந்துவிடும்.

ஏனென்றால் விதைநிலம் மாறிக்கொண்டிருக்கிறது. 1971இல் இங்கிலாந்தில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குப் போனார்கள். 1990இல் அது 9 சதவீதம். மேயர் ஹில்மன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் எடுத்த கணக்கு இது. கார் ஜன்னல் வழியாகப் பார்க்கும் பிள்ளைக்கு வயலின் வரிகள் தெரிவதில்லை. மாரிஸின் காடு இன்று வார இறுதியில் காரில் ஏறிப் போகும் இடங்களின் வரிசையில் சேர்ந்துவிட்டது. பள்ளிப் பாடத்திட்டத்தில் உள்ளூர் வரலாறு கட்டாயமாக இருப்பது ஓரளவு ஈடு. யாராவது கதை சொல்ல வேண்டும் என்ற மூன்றாவது படியை அது நிறைவேற்றுகிறது. தனியாகச் சுற்றுவதை எந்தப் பாடத்திட்டமும் தர முடியாது.

அதனால் இன்றைய பிள்ளைகளின் பாசம் வற்றிவிடும் என்று சொல்லவில்லை. அது வேறு இடங்களில் ஒட்டும். முப்பது ஆண்டு கடந்த கட்டடம் பட்டியலுக்குத் தகுதி பெறலாம் என்பது 1987 முதல் நடைமுறை. 1969இல் திறந்த பிரஸ்டன் பஸ் நிலையம், கான்கிரீட் பூதம் என்று பல்லாண்டு திட்டு வாங்கி, இடிக்க முடிவானபின் 2013இல் பட்டியலில் ஏறியது. அங்கே பள்ளிப் பையோடு பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் அப்போது ஐம்பதைத் தொட்டிருந்தார்கள். 2019இல் லண்டன் கேம்டனில் இன்னொன்று பட்டியலுக்கு வந்தது. 1988இல் கட்டிய சூப்பர் மார்க்கெட் அது. அம்மா தள்ளிய வண்டிக்குள் உட்கார்ந்து அதன் இடைவழிகளைச் சுற்றிய பிள்ளைகள் இப்போது நாற்பதை நெருங்குகிறார்கள்.